கசப்பின் மேல் எனக்கிருந்த மரியாதை

என் மனைவிக்கு நான் விஷம் கொடுத்தேன். எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகுத்தூள் தூவி, எவர்சில்வர் டம்ளரில் மிகுந்த அக்கறையோடு கொடுத்தேன். அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகு, கால் மணி நேரம் பேசிச் சம்மதிக்க வைத்துத்தான் கொடுத்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் மறைத்த மாதிரி ஆகிவிடும்.

பத்திரம் எழுதுவது என் தொழில். ஆனால் எங்கள் தெருவில் எனக்கு 'மூலிகை சார்' என்றுதான் பெயர். வீட்டுக்குப் பின்னால் உள்ள சின்ன இடத்தில் தூதுவளை, ஆடாதொடை, கற்பூரவல்லி எல்லாம் வைத்திருக்கிறேன். சளி, இருமல் என்று வருபவர்களுக்கு இலை கிள்ளிக் கொடுத்து, கூடவே ஒரு பிரசங்கமும் கொடுப்பேன். இரண்டும் இலவசம். ஆனால் பிரசங்கம் கேட்காமல் இலை கிடைக்காது. உள்ளே இரண்டு அலமாரி நிறைய வைத்திய நூல்கள் இருக்கின்றன. படித்ததெல்லாம் வெளியே வரத் துடிக்கும் வயது எனக்கு.

மனைவிக்கு லேசாக பிரஷர் இருப்பதாக ஒரு முகாமில் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை மடித்து, படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்துக்கொண்டேன். காலையில் வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு என்று நானே தீர்ப்பு எழுதினேன். பந்தலில் என் கொடி இருந்தது. மூன்று வாரம் அவளும் முகம் சுளிக்காமல் குடித்தாள்.

பிறகு கத்திரி வெயில் வந்தது. கோட்டை மலைப் பாறைகள் பகலெல்லாம் காய்ந்து, பொழுது சாய்ந்த பிறகும் ஊர்மேல் அனலைக் கக்கின. குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர். மதியத்தில் கொடி துவண்டு தொங்கும். அப்படியும் இரண்டு காய் பிடித்ததில் எனக்குப் பெருமை. ஒன்றைப் பக்கத்து வீட்டு பாயம்மாவுக்குக் கொடுத்தேன். மற்றதை மறுநாள் காலையில் பறித்து வந்தேன்.

மனைவி வழக்கம்போல் காம்புப் பக்கம் ஒரு சில்லு சீவி நாக்கு நுனியில் வைத்தாள். வெள்ளரி, பீர்க்கு, சுரை எது நறுக்கினாலும் முதலில் அப்படித்தான் செய்வாள். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"த்தூ" என்று துப்பினாள். "கசக்குதுங்க. எருக்குழியில போட்டுடறேன்."

"கசப்புதானே மருந்து" என்று ஆரம்பித்தேன். வேப்பம்பூ, நிலவேம்பு, பாகற்காய் என்று சாட்சிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். தண்ணீர் குறைந்ததால் சத்து திரண்டிருக்கிறது என்று நானாக ஒரு விதியும் இயற்றினேன்.

"பாகக்கா கசக்கணும், கசக்குது. சொரக்கா எதுக்குங்க கசக்கணும்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது நான் பேச்சை நிறுத்துவதில்லை, நீட்டுவேன். நீட்டிக்கொண்டே மிக்சியைப் போட்டு, வடிகட்டி, டம்ளரில் ஊற்றி நீட்டினேன்.

"இத்த குடிச்சா பேச்ச நிறுத்துவீங்களா?"

"நிறுத்திடறேன்."

மூக்கைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் குடித்தாள். என் பங்கை நான் ஊற்றிக்கொள்வதற்குள் வாசலில் ஆள் வந்துவிட்டது. தொண்டூர்க்காரர் ஒருவர், இருமலுக்கு ஆடாதொடை கேட்டு வந்திருந்தார். அரை மணி நேரமாக அவரிடம் இங்கிலீஷ் மருந்தின் கெடுதல்களை விளக்கிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து மகள் கத்தினாள்.

"நைனா! அம்மா ரத்தமா வாந்தி எடுக்குது!"

அன்று அமாவாசை. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோவில் மனைவியின் தலை என் மடியில் கிடந்தது. கை சில்லென்றிருந்தது. அத்தனை கூட்டமும் அம்மனைத் தேடிப் போய்க்கொண்டிருக்க, நான் ஆட்டோவுக்குள்ளிருந்தே வேண்டிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுருக்கமாகப் பேசினேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும்.

"என்ன சாப்ட்டாங்க?"

"சுரைக்காய் ஜூஸ்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "கசந்துச்சா?"

அவர் கேட்ட இரண்டாவது கேள்வியே அதுதான். என் இரண்டு அலமாரியும் கேட்காத கேள்வி.

"கசந்துச்சு."

"கசந்தா துப்பியிருப்பாங்களே சார்?"

"துப்புனாங்க" என்றேன்.

"துப்புனாங்க சார். நைனாதான் பாடம் நடத்தி குடிக்க வெச்சாரு" என்று மகள் முடித்தாள்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கசந்த சுரைக்காயில் விஷம் இருக்கும், அதற்கு மாற்று மருந்து கிடையாது, டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு உடம்பு தாங்குகிறதா என்று பார்க்க வேண்டியதுதான் என்றார். பிரஷர் அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. பிரஷரை இறக்கத்தான் நான் கொடுத்தேன். என் வைத்தியம் சொன்னபடி வேலை செய்த ஒரே நாள் அது. விழுப்புரத்துக்குக் கொண்டு போகச் சொன்னார்கள்.

ஆம்புலன்ஸில் போகும்போதுதான் பாயம்மாவுக்குக் கொடுத்த காய் நினைவுக்கு வந்தது. உடனே போன் போட்டேன்.

"அந்தச் சொரக்காயா தம்பி?" என்றார் பாயம்மா. "நேத்தே நாக்குல வச்சுப் பாத்தேன், ஒரே கசப்பு. தூக்கிப் போட்டுட்டேன். சொன்னா சங்கடப்படுவீங்களேன்னு சொல்லல."

அப்படியானால் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் நிறையப் படிக்க வேண்டியிருந்தது.

முதல் இரண்டு நாள் யாரும் எங்களுக்கு உறுதியாக எதுவும் சொல்லவில்லை. மகள் என்னோடு பேசவில்லை. நானும் பெஞ்சில் உட்கார்ந்து டிரிப்ஸ் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மனைவி கண் திறந்து மகளிடம் கேட்டாள்: "அடுப்புல பால் வச்சிருந்தனே, நிறுத்துனியா?" நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். அழுதேன் என்று எழுதினால் இதைப் படித்துவிட்டு அவள் சிரிப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் சுரைக்கொடியை வேரோடு பிடுங்கினேன். புத்தகத்திலிருந்து மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். இருமலுக்கு வருபவர்களை டாக்டரிடம் அனுப்பினேன். இதெல்லாம் சுலபமாக இருந்தது. சுலபமில்லாத விஷயம் ஒன்று வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது.

மகள் கொடுத்தால் மனைவி அப்படியே வாங்கிக் குடிப்பாள். நான் கொடுத்தால், தண்ணீராகவே இருந்தாலும், நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்து, கொஞ்சம் பொறுத்து, அப்புறம்தான் குடிப்பாள். ரசம், கஞ்சி, மோர் எல்லாவற்றுக்கும் அதே சோதனை. கோபம் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. காம்புப் பக்கம் சில்லு சீவிப் பார்க்கிற அதே முகம்தான். இருபத்து மூன்று வருடம் என் கூடக் குடும்பம் நடத்தியவள் என்னைச் சுரைக்காயாகப் பார்த்தாள். தப்பு என்று எப்படிச் சொல்வேன்?

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் டிவி பார்த்தபடி அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். நான் டீ போட்டு, சத்தமில்லாமல் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். அவள் நிமிராமலே டம்ளரை எடுத்தாள். நாக்கு நுனி இல்லை, பொறுத்துப் பார்ப்பது இல்லை. மடமடவென்று பாதி டம்ளர் காலி.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னிக்கி நாக்குல வச்சுப் பாக்கலையே?" என்றேன்.

அவள் டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சட்டென்று கீழே வைத்தாள்.

"இன்னாங்க, இது நீங்க போட்டதா? பொண்ணு போட்டதுன்னு நெனச்சுட்டேன்."