கம்பஞ்சோறும் மறுபத்தியமும்

மருந்து உண்ட நாள் எத்தனையோ, மருந்தை நிறுத்தியபின் இருக்கும் மறுபத்தியமும் அத்தனை நாள். சித்த வைத்தியத்தின் இந்த விதிப்படி, 1950களின் கடைசியில் நான் இருந்த பத்தியம் மாசியிலேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதை முறிக்கச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். குற்றாலத்து வைத்தியரோ மூலிகை பறிக்க ஆரியங்காவுப் பக்கம் போய்விட்டார். உத்தரவைப் போட்டவர்தான் ரத்து செய்ய வேண்டும். தென்காசியில் அரசாங்க அலுவலகத்தில் குப்பை கொட்டியவனுக்கு இதில் சந்தேகம் வராது. அவர் வீட்டுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

எனக்கு வந்தது கரப்பான். முழங்கையிலும் கணுக்காலிலும் தோல் தடித்துச் சொறியும். கம்பு, வரகு, தினை மூன்றும் அதைக் கிளறும் என்று வைத்தியர் விலக்கியிருந்தார். சாமைக் கஞ்சிக்கு மட்டும் அனுமதி.

மேலகரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என் அலுவலகத்து இளைய குமாஸ்தா. அவருக்கு நீரிழிவு. அரிசியைக் குறைத்துக் கம்பு சாப்பிடச் சொல்லியிருந்தார் அதே வைத்தியர். சூடு தணியும், பசி தாங்கும், உடம்புக்கும் பலமாம். குமாஸ்தாவின் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். வாசுதேவநல்லூரிலிருந்து என் மாமனார் அனுப்பிய கம்பு மூட்டை எங்கள் வீட்டில் இருந்தது. என் மனைவிக்கு இடிக்கவும் தெரியும். மேற்கொண்டு நடந்ததைத் தடுக்க எந்த விதியும் இல்லை.

தினமும் காலையில் குமாஸ்தா எங்கள் அடுக்களையில் பலகை போட்டு உட்கார்ந்துவிடுவார். முதல் நாள் உருட்டித் தண்ணீரில் போட்ட கம்பஞ்சோற்றை மோரில் கரைத்துக் கொடுப்பாள்.

“இன்னும் ஒரு உருண்டை கரைக்கட்டா தம்பி? மோர் மிளகா வறுக்கட்டா?”

கல்யாணமான நாளாக என்னிடம் அவள் “வறுக்கட்டா” என்று கேட்டதில்லை. வறுத்ததைத் தின்றிருக்கிறேன், அவ்வளவுதான்.

“அண்ணாச்சிக்கு?” என்பார் அவர், சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே.

“அவுகளுக்கு வைத்தியர் எழுதித் தரணுமாம். மாசியோட முடிஞ்சுட்டு, தின்னுங்கன்னு நானும் சொல்லுதேன். கேட்டாத்தானே.”

“கவர்மெண்டு உடம்புல்லா மதினி.”

இருவரும் சிரிப்பார்கள். நான் சாமைக் கஞ்சியைக் குடிப்பேன்.

அவர் முகம் தெளிந்தது; நடை கூடியது. கம்பு மிஞ்சினால் மந்தம் தட்டும், நல்ல தோலும் சொறியும் என்று வைத்தியர் சொன்னதை நம்பி, அவருடைய கழுத்தையும் கணுக்காலையும் அன்றாடம் பார்வையிட்டேன். ஒருநாள் அலுவலகத்தில் முழங்கையைத் தேய்த்தார். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. கொசு கடித்திருக்கிறது.

ஆனியில் சாரல் விழுந்தது. இந்தக் குளிருக்குக் கம்பங்கூழ் ஆகாது என்று மனைவியிடம் சொன்னேன்.

“ஆமா, பாவம். நாளைக்குத் தம்பிக்குச் சுடச்சுடச் சோறா ஆக்கிருதேன், கருவாட்டுக் குழம்பும் வச்சு” என்றாள்.

அந்தக் குழம்போடு மூட்டை தீர்ந்தது. அதன் பிறகு வைத்தியரின் கார்டு வந்தது. மறுபத்தியம் மாசியிலேயே முடிந்ததே, கம்பு அளவாகச் சாப்பிடலாம் என்று எழுதியிருந்தார். சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் நான் அதைப் படித்துக் காட்டவில்லை. அன்று ஆடி முதல் தேதி.