நாணுக்கும் நரம்புக்கும் ஒரே பெயர்

பல் தேய்க்கும்போது தண்ணீர் வாயின் இடது ஓரமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் தொங்கியிருந்தது. காட்டுப்பாக்கத்தில் அப்போது தனியாக இருந்தேன். தெருமுனை ஆட்டோக்காரர் என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். "இன்னா சார், வாய் கோணிக்கினு கீது? குந்து, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று பூந்தமல்லிக்கு வண்டியை விரட்டினார்.

அங்கே 'நியூரோ' என்று எழுதிய அறைக்கு அனுப்பினார்கள். அந்தச் சொல்லே என்னை நடுங்க வைத்தது.

"மூளையிலயா டாக்டர்?"

பரிசோதித்து முடித்த டாக்டரம்மா சிரித்தார். "நியூரோன்னா நரம்பு, அவ்வளவுதான். கிரேக்கச் சொல். ஆதியில தசைநாருக்கும் வில்லோட நாணுக்கும் அந்தப் பேர்தான். நாமளும் யாழோட தந்தியை நரம்புன்னுதானே சொன்னோம்? உங்களுக்கு முகத்து நரம்பு வீங்கியிருக்கு. பக்கவாதம் இல்ல. சரியாயிடும்."

பயம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மாத்திரை, முகப்பயிற்சி என்று வாரங்கள் போயின. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அதே ஆட்டோக்காரர்தான். ஏறியதும், "எங்கே, சிரி சார்" என்பார். ஒருநாள் சிக்னலில் திரும்பிப் பார்த்தவர், "ரெண்டு பக்கமும் சிரிக்கிற சார்!" என்று கத்தினார். நன்றி சொல்ல வாயெடுத்தேன்; அழுகைதான் வந்தது.