எர்த் கிளாம்ப்பும் கீழ்வீட்டுக் குழாயும்

என் குளியலறைச் சுவரோரம் ஒரு பழைய இரும்புப் பைப் இறங்குகிறது. மொட்டை மாடித் தொட்டியில் புறப்பட்டு, எனக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுத்துவிட்டு, தரையைத் துளைத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போகும். என் தோள் உயரத்தில் அந்தப் பைப்பைச் சுற்றி ஓர் உலோகப் பட்டை இருக்கிறது. இரண்டு திருகாணி போட்டு இறுக்கியிருப்பார்கள். அதிலிருந்து ஒரு பச்சை ஒயர் கிளம்பி, கீசர் பிளக்குக்குப் பின்னால் போய் மறையும். அதற்கு எர்த் கிளாம்ப் என்று பெயர் என்பதே நான் குடிவந்து வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை அது என் ரப்பர்பேண்டுகளை மாட்டி வைக்கும் கொக்கி, அவ்வளவுதான். அதற்குச் சற்று மேலே, பைப்பின் மீதே, குளிக்கும்போது எடுக்கிற ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைப்பேன்.

எனக்கு ஊர் ஆம்பூர். பெங்களூருக்கு வந்த நாளிலிருந்து ஜீவனஹள்ளியில், இந்த மாடி வீட்டில்தான் இருக்கிறேன். கல்யாணம் நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று கேட்கிறவர்களும் இப்போது ஓய்ந்துவிட்டார்கள். காக்ஸ் டவுன் பக்கம் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கும் வேலை. தினமும் எத்தனையோ பேருடைய கையைப் பிடிக்கிறேன். நரம்பு தேடித் தடவுகிறேன், பஞ்சை வைத்து அழுத்துகிறேன், 'மடக்கி வெச்சுக்கோங்க' என்று தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் சொல்கிறேன். என் கையை யாரும் பிடித்து வருஷக்கணக்காகிறது. அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

எனக்கு ஒரே ஒரு பயம் உண்டு. பேய்க்கும் திருடனுக்கும் பயப்படுகிற ஆள் இல்லை நான். திருடன் வந்தால் அவன்தான் ஏமாந்து போவான். என் பயம் குளியலறைத் தரை. வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டுக் கிடந்தால், அது யாருக்கு, எந்தக் கிழமை தெரியவரும்? பக்கத்துத் தெருவில் தனியாக இருந்த ஒருவரை, நாற்றம் வந்த பிறகுதான் கதவை உடைத்து எடுத்தார்கள். அன்று முதல் இந்த யோசனை என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. லேப்பில் போன் செய்து பார்ப்பார்கள், எடுக்காவிட்டால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வேறு ஆளைப் போடுவார்கள். அண்ணன் ஆம்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவார். திங்கட்கிழமை விழுந்தேனென்றால் என் பாடு திண்டாட்டம்தான். பால்காரர் கேட்டில் தொங்கும் பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவார். நேற்றைய பாக்கெட் கிடந்தால் அதன் மேலேயே போடுவார். இதையெல்லாம் யாரிடமாவது சொன்னால் 'ஏன் இப்படி நெகட்டிவா பேசறீங்க' என்பார்கள்.

கீழ்வீட்டில் ஒரு பெரியவர், அவரும் தனி. அரசாங்க உத்தியோகத்துக்காகத் தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். அவரும் ஏதோ ஓர் ஆபீசில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், மகள் ஆஸ்திரேலியாவில். காது சரியாகக் கேட்காது. எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த மொத்தப் பேச்சும் மாலையில் கேட்டருகே நடக்கும். "சாப்பாடு ஆய்தாம்மா?" என்பார். பாதித் தமிழ், பாதிக் கன்னடம். "ஆச்சு சார்" என்பேன், ஆகியிருந்தாலும் இல்லாவிட்டாலும். வீட்டுக்காரர் எங்கேயோ யெலஹங்காவில் இருக்கிறார்; அவருடைய முகம் எனக்கு மறந்தே போய்விட்டது.

காலையில் கீசரைப் போட்டுவிட்டுக் காபி வைக்கப் போவேன். தண்ணீர் சுட்டதும் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் குளிக்கப் போவேன். வாளியில் ஹீட்டர் கம்பி போட்ட காலத்தில் அம்மா அடித்துச் சொல்லிக் கொடுத்தது. கீசர் வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் குளிக்கிறோம், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ஒரு நாள் காலை, கீசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே துணி ஊறவைக்கலாம் என்று குளியலறைக்குள் போனேன். காலில் செருப்பில்லை, தரை ஈரம். குழாயைத் திறக்கக் கை வைத்தேன். சுளீர் என்று ஒன்று முழங்கை வரை ஏறியது. கையை உதறிக்கொண்டு வெளியே வந்து, கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் தோன்றிய நினைப்பு, இன்றைக்குத் திங்கட்கிழமை என்பதுதான்.

மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "அஞ்சு நிமிஷம் மேடம்" என்றவர் மறுநாள் வந்தார். ஒரு காதில் போன், மறு கையில் ஸ்குரூடிரைவர். என் ரப்பர்பேண்டுகளை எடுத்து வாஷ்பேசினில் போட்டுவிட்டு, அந்தப் பட்டையைக் காட்டி, "இதான் எர்த் கிளாம்ப். பெயிண்ட் மேலயே மாட்டியிருக்காங்க, எப்படிப் பிடிக்கும்?" என்றார். கிளாம்ப்பைத் தளர்த்தி, பைப்பை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, திருகாணியை முழு பலத்தோடு இறுக்கினார். என் பொட்டு ஒன்று அதில் போயிற்று. "டென்ஷன் நக்கோ மேடம்", டென்ஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு டென்ஷன் போகவில்லை. ஒரு டெஸ்டர் வாங்கி வந்து, மறுநாள் காலை கீசரைப் போட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு குழாயில் வைத்தேன். அதற்குள் இருந்த குட்டி விளக்கு எரிந்தது. போனில் அவரைப் பிடித்து நான் பேசிய பேச்சில், இந்த முறை நிஜமாகவே அஞ்சு நிமிஷத்தில் வந்தார்.

இந்த முறை போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, பைப் போகிற வழியே கீழே இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கீழ்வீட்டுக் குழாய் இருக்கிறது. அதில் டெஸ்டரை வைத்தார். மேலே எரிந்த மாதிரியே இங்கேயும் எரிந்தது. பிறகு பைப் தரையைத் தொடும் இடத்தில் மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தார். இரும்பு அங்கேயே முடிந்து, அதற்குக் கீழே பிளாஸ்டிக் பைப் இருந்தது. தெருக் குழாயோடு சேர்கிற அந்தப் பகுதியை, தெருவைத் தோண்டியபோது மாற்றியிருக்கிறார்கள்.

அவர் சொன்னது இதுதான். என் கீசரில் கரண்ட் கசிகிறது. கிளாம்ப் அதை வாங்கி இரும்புப் பைப்பில் விடுகிறது. முன்பு பைப் மண்ணுக்குள் போனதால் கரண்டும் மண்ணுக்குள் போயிற்று. இப்போது நடுவில் பிளாஸ்டிக். போக வழியில்லாமல் பைப்பிலேயே நிற்கிறது, யார் தொடுகிறார்களோ அவர்கள் மேல் பாய்கிறது. முந்தின நாள் அவர் இறுக்கிய இறுக்கில் அது இன்னும் நன்றாகக் கீழே வந்துகொண்டிருந்தது. அதை மட்டும் அவர் சொல்லவில்லை, நானே புரிந்துகொண்டேன்.

சத்தம் கேட்டுப் பெரியவர் வாசலுக்கு வந்தார்.

"அங்கிள், இந்தக் குழாய் உங்களுக்கு ஷாக் அடிக்கலையா?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டார்.

"அடிக்கும். காலையில மட்டும்."

"எப்பலேர்ந்து?"

"ரோடு தோண்டினாங்களே, அப்பலேர்ந்து."

எலக்ட்ரீஷியன் தலையில் கை வைத்துக்கொண்டார். "உயிர் போயிருக்கும் அங்கிள்! சொல்லவே இல்லையே?" பெரியவர் உள்ளே போய்விட்டார். நான் மேலே நிம்மதியாகக் காபி ஆற்றிய காலையெல்லாம், இங்கே இந்த மனிதர் என் கீசரிடம் அடி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

வீட்டுக்காரரிடம் போனில் சண்டை போட்டு வேலையை முடித்தேன். கீசருக்குள் இருந்த பழுதான கம்பியை மாற்றினார்கள். முற்றத்து மூலையில் குழி தோண்டி, இரும்புக் குழல் ஒன்றை நட்டு, சுற்றிக் கரியும் உப்பும் கொட்டி மூடினார்கள். அந்தக் குழலில் புதுக் கிளாம்ப் ஒன்றைப் பூட்டி, அதிலிருந்து புதுப் பச்சை ஒயரைச் சுவர் வழியே என் வீட்டுக்கு ஏற்றினார்கள். குளியலறையில் பழைய கிளாம்ப்பின் திருகாணி இப்போது கழற்ற வரவில்லை. ஒயரை மட்டும் வெட்டிவிட்டு அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அன்று மாலை கேட்டருகே பெரியவர் நின்றிருந்தார். "சாப்பாடு ஆய்தாம்மா?" என்றார்.

"சாப்பாடு கிடக்கட்டும் சார். ஷாக் அடிக்குதுன்னு ஏன் சொல்லலை?"

"சொல்பதான் அடிச்சுது," என்றார். சொல்ப என்றால் கொஞ்சம். "செருப்பு போட்டுட்டு, புறங்கையாலதான் தொடுவேன்."

"செத்துப் போயிருப்பீங்க சார்!" கத்திவிட்டேன். காது கேட்காதவரிடம் கத்துவதில் ஒரு வசதி, கோபம் என்று தெரியாது. அவருக்குத் தெரிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கேட்டின் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். "சொன்னா சரி பண்ணிடுவீங்களேம்மா," என்றார். "நீங்க நடக்கறது எனக்குக் கேக்காது. கதவு சாத்தறது கேக்காது. காலையில குழாயைத் தொட்டா, அடிக்கும். சரி, மேல அம்மா எழுந்தாச்சு, கீசர் போட்டாச்சுன்னு தெரியும். அப்புறம் நான் போய்ப் பேப்பர் படிப்பேன். ஒரு நாள் அடிக்கலை. ரொம்ப நேரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அப்புறம் படியேறி வந்து பார்த்தா, உங்க கதவுல பூட்டு. ஊருக்குப் போயிருக்கீங்கன்னு நிம்மதி ஆய்து."

அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போன நாள் அது. முழங்கால் வலியோடு இவர் படியேறி வந்து என் பூட்டைப் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறார், எனக்குத் தெரியவே தெரியாது. எந்தக் கிழமை விழலாம் என்று நான் மேலே நடுங்கிக்கொண்டிருந்த காலமெல்லாம், கீழே ஒருவர் தினமும் நான் இருக்கிறேனா என்று பார்த்திருக்கிறார். இப்போது அந்த வழியை நானே ஆள் வைத்து அடைத்துவிட்டேன். அடைக்காமல் இருக்கவும் முடியாது. "நல்லா இருக்கு சார்" என்று ஏதோ உளறிவிட்டுப் படியேறினேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை கீசரைப் போட்டுவிட்டு, காபி டம்ளரோடு மாடிப்படியில் வந்து நின்றேன். கீழே அவர் வந்தார். செருப்பு மாட்டியிருந்தார். குழாய் அருகே குனிந்து, புறங்கையை அதன் மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். சரியாகிவிட்டது என்று அவருக்கும் தெரியும். இருந்தும் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"எழுந்துட்டேன் சார்!" என்றேன்.

கேட்கவில்லை. இன்னும் உரக்க, எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிற அளவுக்குக் கத்தினேன். நிமிர்ந்து பார்த்தார்.

"சரிம்மா," என்றார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நான் கத்துவேன், அவர் சரி என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. இருவருமே அதிகம் பேசிப் பழகாதவர்கள். பகலெல்லாம் பழைய மாதிரிதான் போகிறது. லேப், பஸ், ஒற்றை ஆளுக்குச் சோறு, பூட்டிய கதவு. எர்த் குழிக்கு வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம், அதை அவர் பார்த்துக்கொள்கிறார்.

சமீபத்தில் ஒரு காலை, மழைத் தூறல். கத்தினேன். அவருடைய 'சரிம்மா' வரவில்லை. மறுபடி கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல்தான் திறந்தது. அந்த நிமிஷம் வரை, இவர் விழுந்தால் யாருக்குத் தெரியும் என்று நான் ஒரு முறைகூட யோசித்ததில்லை. ஆஸ்திரேலியாவுக்கு எந்தக் கிழமை தெரியும்? டம்ளரை அப்படியே படியில் வைத்துவிட்டு ஓடினேன். இரண்டு கையாலும் கதவைத் தட்டினேன். கதவு திறந்தது. வாயெல்லாம் பேஸ்ட் நுரை, கையில் பிரஷ். பேச முடியாமல் இன்னொரு கையைத் தூக்கிக் காட்டினார்.

கண்டபடி திட்டினேன். "பல்லு அப்புறம் தேய்க்கக் கூடாதா? ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தேய்க்கறதுக்கென்ன?" என்று தெருவே கேட்கத் திட்டினேன். அவர் நுரையோடு தலையாட்டிக்கொண்டே இருந்தார். மேலே வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த உதவாத கிளாம்ப்பைப் பிடித்தபடி நின்று அழுதேன். பைப் சில்லென்று இருந்தது. உயிரோடு ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்ததற்கு ஏன் அவ்வளவு அழுதேனோ.

அடுத்த நாள் இன்னும் சரியாக விடியவில்லை. போர்வைக்குள் விழித்தபடி கிடந்தேன். எழுந்திருக்கவே மனசில்லை. எழுந்து என்ன செய்யப் போகிறோம் என்று இருந்தது. அப்படிப்பட்ட காலைகள் எனக்கு உண்டு. கீழேயிருந்து குரல் வந்தது.

"சரிம்மா!"

நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

படுத்தபடியே, தொண்டை கிழிய, "எழுந்துட்டேன் சார்!" என்று பொய் சொன்னேன். சொல்லிவிட்ட பிறகு எழுந்திருக்கத்தானே வேண்டும்.