பூஜைத் தட்டில் தங்கிய போல்ட்டுகள்

மைசூரில் கடல் உப்பைப் பற்றி அதிகம் பேசியவர், கடலையே பார்த்திராத ரத்தினவேல். பன்னிமண்டபத்தில் மஞ்சுநாத்தின் லேத் பட்டறையில் ஃபிட்டர். மைசூருக்குக் கிழக்கே மலையோரத்து ராமாபுரத்தில் பிறந்தவர். நாற்பதைத் தாண்டியும் அலை என்பது அவருக்கு டிவியில் வருவது. உப்பு மட்டும் அவரைத் தேடி வந்தது. கொண்டுவந்தவர் கிளைவ்.

கிளைவ் மங்களூர்க் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு ஓட்டினார். தொண்ணூற்று நாலில் அமெரிக்காவிலிருந்து ஒரு வினோதத்தை வரவழைத்தார். ஒரு பலகை, அதன்மேல் நாற்காலி, அடியில் இடுப்புயரத்துக்கு 'மாஸ்ட்' என்கிற அலுமினியக் கம்பம், கம்பத்தின் நுனியில் விமானத்துக்கு இருப்பதுபோல் சிறகுகள். படகு இழுத்து வேகம் கூடினால் சிறகு தண்ணீருக்குள் இருந்தபடியே பலகையை மேலே தூக்கிவிடும். உட்கார்ந்தவர் அந்தரத்தில் போவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும் என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. முதல் சீசன் முடிவதற்குள் கம்பம் இறுகிப்போய், மங்களூரில் யாராலும் கழற்ற முடியாமல் மைசூருக்கு வந்து சேர்ந்தது.

ரத்தினவேல் ஒரு பகல் முழுக்கச் சூடு காட்டி, தட்டி, கெஞ்சிக் கழற்றினார். துளைக்குள் இருந்த வெள்ளைப் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது. கடலோடு அவருக்கு ஏற்பட்ட முதல் அறிமுகம் அது.

அதற்குப் பிறகு கிளைவுக்குச் சட்டம் போட்டார். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அன்றன்றைக்கே போல்ட்டைக் கழற்றித் துடைத்து, தண்ணீரில் கரையாத வெள்ளை கிரீஸ் தடவி, நைலான் வாஷர் வைத்து, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். சாதா இரும்பு போல்ட்டைப் பக்கத்திலேயே விடக் கூடாது.

"பத்து நிமிஷம் ஓட்டுறதுக்கு என்ன ஆயிரும் மேன்?" என்பார் கிளைவ்.

"அந்தப் பத்து நிமிஷந்தானுங்க சார் உள்ள போய் உக்காந்துக்குது."

"நீயே ஒரு தரம் வந்து பாரேன். தண்ணிக்கு மேல நிக்கும், தெரியுமா?"

போக ஆசைதான். ஆனால் பட்டறை விடுமுறை தசராவுக்கு மட்டும். தசராவுக்கு ராமாபுரம் மொத்தமும் யானை பார்க்க அவர் வீட்டுக்கு வந்துவிடும். மைசூர்க்காரர்களால் மைசூரை விட்டுப் போக முடியாத ஒரே வாரம் அது.

மூன்றாவது வருஷம் ஆயுத பூஜையன்று கிளைவ் அவசரமாக வந்தார். பழுது பார்த்த கம்பம் லேத்துக்குப் பக்கத்தில் விபூதி, சந்தனம், சாமந்தி மாலையோடு சாய்ந்திருந்தது.

"பூஜையில இருக்குதுங்க. நாளைக்குத்தான் எடுக்கோணும்."

"அது அமெரிக்கா மாஸ்ட் மேன்."

"இங்க வந்தாச்சில்லீங்க?"

"முட்ட பேடி சார், ஒந்து தினா தானே," தொட வேண்டாம், ஒரு நாள்தானே என்று மஞ்சுநாத்தும் கன்னடத்தில் சொல்லிக் கையை விரித்தார்.

"அப்போ நீயே கொண்டு வா. நாளன்னிக்குக் காலையில பார்ட்டி வருது."

மூன்று வருஷமாக ரத்தினவேல் காத்திருந்த வாக்கியம்.

வீட்டில் விருந்தாளிகளுக்கு இடையே வழி கண்டுபிடித்து மனைவி மாரக்காளிடம் சொன்னார்.

"ஊரே இங்க வருது. நீங்க இரும்பத் தூக்கிட்டு எங்க போறீங்க?"

"இரும்பில்ல. அலுமினியம்."

"என்னமோ ஒண்ணு. நானுந்தான் கடலப் பாத்ததில்ல. எப்படி இருந்துச்சுன்னு வந்து ஒழுங்காச் சொல்லோணும்."

விஜயதசமியன்று ஊர் முழுக்க உள்ளே வந்துகொண்டிருக்க, சாக்கில் சுற்றிய கம்பத்தோடு அவர் ஒருவர் வெளியே போனார். மறுநாள் காலை கடற்கரையில் சாக்கைப் பிரித்தார். கம்பம் இருந்தது, சிறகு இருந்தது, ஒட்டியிருந்த சாமந்தி இதழும் இருந்தது. போல்ட் இல்லை.

"பாக்கெட்ல பாரு மேன்."

"சாமி முன்னாடி இருக்குதுங்க சார். கிரீஸ் தடவி, குங்குமம் வெச்சு, தட்டுலயே வெச்சுட்டனுங்க."

பக்கத்துக் கடையில் சாதா இரும்பு போல்ட்தான் கிடைத்தது. பார்ட்டி நீச்சல் உடையில் காத்திருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறலாம். ரத்தினவேல் இரும்பைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"பத்து நிமிஷத்துல என்னங்க சார் ஆயிரும்?" என்றார்.

கிளைவ் பெருந்தன்மையாகச் சிரிக்காமல் இருந்தார்.

படகு இழுத்தது. பலகை தடுமாறி, தண்ணீரை உதறிவிட்டு எழுந்தது. கம்பம் நின்றது. வந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். ரத்தினவேல் முழங்கால் தண்ணீரில் நின்று, கம்பம் பலகையைத் தொடும் அந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. படகு திரும்பும் முன்பே போதும் போதும் என்று துண்டை ஆட்ட ஆரம்பித்தார். கரை சேர்ந்ததும் போல்ட்டுகளைக் கழற்றி, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கிணற்றுத் தண்ணீரில் கம்பத்தைக் கழுவினார். கழுவி முடித்தபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வீட்டில் விருந்தாளிகள் இன்னும் இருந்தார்கள். மாரக்காள் அவரைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா நின்னுச்சு."

"கடலக் கேட்டேன்."

ரத்தினவேல் யோசித்தார். "பாக்கல," என்றார்.

மாரக்காள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குனிந்து, பேண்ட் ஓரத்தில் காய்ந்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள்.

"அடுத்த தசராவுக்கு வீட்டப் பூட்டிப்போட்டு ரெண்டு பேருமாப் போலாம்," என்றாள், வெளியே கேட்காத குரலில்.