தேய்பிறை முகூர்த்தத்து மல்லிகை

1. கூடை இறங்காத சனிக்கிழமை

திருச்சி பஸ் ஜெயங்கொண்டத்துக்குக் காலை எட்டே காலுக்கு வரும். கண்டக்டர் மேலே ஏறி, எங்கள் பூக்கூடையின் கயிற்றை அவிழ்த்து இறக்கித் தருவார். அன்று அவர் மேலே ஏறவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கூடை ஏத்தலப்பா. மண்டியில மல்லியே இல்லங்கிறாங்க," என்று சொல்லிவிட்டு விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

எழுபதுகளின் பின்பாதி அது. பஸ் ஸ்டாண்டு மாலைக்கடை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். கூடை இறக்குவது, ஆர்டர் பிடிப்பது, மாலை கட்டுவது மூன்றும் என் வேலை. அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் இதே தொழிலில் இருந்தேன். இப்போது பூக்கடை வைக்கிற பிள்ளைகள் படுத்தபடியே போனில் மண்டி விலை கேட்டுக்கொள்கிறார்கள். கேட்டுக்கொள்ளட்டும். விலை மட்டும் தெரிந்தால் போதாது என்று எனக்குப் புரிந்தது இந்த ஒரு ஆர்டரில்தான்.

மறுநாள் ஞாயிறு, ஒன்பது மணிக்கு மேல் பத்தரைக்குள் ஆண்டிமடம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் முகூர்த்தம். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மாலை, பெண்ணின் ஜடைக்குப் பூ, வந்த பெண்களுக்குத் தட்டில் வைக்கச் சரம். எல்லாம் நான் ஒத்துக்கொண்டது. கையில் ஒரு மொட்டு கூட இல்லை.

2. நான் சொன்ன யோசனை

ஒரு மாதத்துக்கு முன்பு செல்லம்மாள் கடைக்கு வந்தார். முந்திரித் தோப்பில் கூலிக்குக் கொட்டை பொறுக்குகிறவர். இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். சேலை, சாப்பாடு எதைப் பற்றியும் அவர் பேசவில்லை. பூ என்ன விலை என்று மட்டும் கேட்டார். சொன்னேன். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காயித மாலையில முடிச்சிரலாமே அம்மா. பேன்சி ஸ்டோர்ல கெடைக்குது," என்றேன். உதவியாகச் சொல்வதாகத்தான் நினைப்பு.

"அத மட்டும் சொல்லாத தம்பி. எம் பெரிய மவளுக்கு அப்புடித்தான் செஞ்சேன். அந்த வருசம் மழ இல்ல, கையில ஒண்ணும் இல்ல. காயிதப்பூவக் கழுத்துல போட்டு அனுப்புனேன். ஆறு வருசம் ஆவுது. இன்னமும் அவ மாமியா, 'காயித மாலையில வந்தவதானே நீ'ன்னுதான் அவளக் கூப்புடுது. கொழம்புல உப்பு கொறஞ்சா காயிதம், புள்ள அழுதா காயிதம். இந்தக் கல்யாணத்துக்கு அந்தம்மாவும் வரும். அது கண்ணு முன்னால நெசப் பூவு இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

இங்கேதான் நான் புத்திசாலி ஆனேன். பூ விலையை ஏற்றுவது வளர்பிறை முகூர்த்தம். ஒரே நாளில் இருபது கல்யாணம் என்றால் மண்டிக்காரன் சொல்வதுதான் விலை. ஆனால் பஞ்சாங்கத்தில் தேய்பிறையிலும் முகூர்த்த நாள் உண்டு. வசதி உள்ளவர்கள் அந்த நாட்களை விரும்ப மாட்டார்கள். அன்றைக்குப் பூ மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். அதோடு பங்குனியில் மல்லிகை நன்றாகப் பூக்கும். வரதராஜன்பேட்டைப் பக்கம் கிறிஸ்தவர்களுக்கு அது தவக்காலம் வேறு. நாற்பது நாள் அவர்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது, பீடத்தில் பூ கிடையாது. வாங்க ஆள் இல்லாமல் பூ கிடக்கும் காலம்.

இதையெல்லாம் பெரிய வித்தை போல எடுத்துச் சொல்லி, சுவரில் தொங்கிய பஞ்சாங்கக் காலண்டரில் ஒரு தேய்பிறை ஞாயிற்றுக்கிழமையை விரலால் தொட்டுக் காட்டினேன். "இந்த நாள வைங்கம்மா. நீங்க சொல்ற காசுக்கு நான் மல்லியிலயே கட்டித் தரேன்." செல்லம்மாள் போய் மாப்பிள்ளை வீட்டில் பேசி, அந்த நாளையே நிச்சயம் செய்துவிட்டு வந்தார்.

3. காலண்டரில் இல்லாதது

கூடை வரவில்லை என்றதும் முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன்டா கோவிந்தா, நாளைக்கி என்ன நாளு?"

"தேய்பிறை முகூர்த்தம், முதலாளி."

"ஈஸ்டருடா! திருச்சியில எத்தன சர்ச்சு இருக்கு, எண்ணிப் பாத்தியா? அத்தனைக்கும் இன்னைக்கே மல்லிய அள்ளிக்கிட்டுப் போயிருப்பான். நாப்பது நாளு பட்டினி கெடந்தவனுக்கு எலையப் போட்டா சும்மா வேடிக்க பாப்பானா?"

தவக்காலம் எனக்குத் தெரியும். பூ விற்காத காலம் என்ற அளவில் தெரியும். அது என்றைக்கு முடிகிறது என்று நான் பார்க்கவே இல்லை. வரதராஜன்பேட்டைக் கோயிலுக்கு வேண்டிய பூவை அந்த ஊர்த் தோட்டங்களே கொடுத்துவிடும். எங்கள் கடைக்கு ஈஸ்டர் ஆர்டர் என்று ஒன்று வந்ததில்லை. எங்கள் பஞ்சாங்கக் காலண்டரிலும் அது இல்லை. ஊரெல்லாம் பூ வாங்கும் ஒரு நாளைப் பார்த்து, பூ மலிவான நாள் என்று நானே தேதி வைத்துக் கொடுத்திருந்தேன்.

"வாக்கு குடுத்தவன் நீ. சைக்கிள எடு," என்றார் முதலாளி.

4. சவரியம்மாளின் தோட்டம்

வரதராஜன்பேட்டையில் சவரியம்மாள் என்று ஒரு அம்மா நாற்பது குழி நிலத்தில் மல்லிகை போட்டிருந்தார். நான் போனபோது இரண்டு கூடைப் பூவை ஈரத்துணி போட்டு மூடிக்கொண்டிருந்தார். கேட்பதற்கு முன்பே பதில் வந்தது.

"கோயிலுக்குத் தம்பி. ராத்திரி பூசைக்குப் பீடம் பூரா பூவு வைக்கணும். இதுல நீ கை வைக்க முடியாது."

நடந்ததைச் சொன்னேன். பேன்சி ஸ்டோர் காகித மாலையை நான் சிபாரிசு செய்ததை மட்டும் விட்டுவிட்டேன். அவர் கேட்டுவிட்டுச் செடிகளைப் பார்த்தார்.

"நாளைக்கி வரவேண்டிய மொட்டு செடியிலதான் இருக்கு. விடியக்காலையில பறிக்கலாம். ஆனா பறிக்க ஆளு இல்ல. பூசை முடிஞ்சி வந்து ஊரே படுத்துருக்கும். பண்டிகை அன்னைக்கி நான் செடியத் தொட மாட்டேன்."

"நாங்களே ஆள் கூட்டியாந்து பறிச்சிக்கிட்டா?"

"பறிச்சிக்க. கூலி எனக்கு மிச்சம், அதனால அரை வெல குடு போதும். ஆனா நாளைக்கிக் காசக் கொண்டாந்து நீட்டாத. பண்டிகையன்னைக்கி யாவாரம் பண்ண மாட்டேன். திங்கக்கெழம குடு."

அங்கிருந்து செல்லம்மாள் வீட்டுக்கு மிதித்தேன். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் தப்பை மறைக்காமல் சொன்னேன். செல்லம்மாள் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டார்.

"நாளு பாத்துச் சொன்னது நீ. உன்ன நம்பித்தானே தம்பி வச்சேன்," என்றார். அதைவிடக் கத்தியிருக்கலாம்.

பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பெரிய மகள் தனக்கோடி. மாமியார் வீட்டிலிருந்து இரண்டு நாள் முன்னதாகவே வந்திருந்தாள்.

"எத்தினி மணிக்கு வரணும்ண்ணே?"

"கெழக்கு வெளுக்கற நேரத்துக்குத் தோட்டத்துல நிக்கணும்."

"நாங்க அஞ்சு பேரு வரோம். நீங்க எங்க ஆயி கிட்ட இனிமே பேசாதீங்க. போயிட்டு வாங்க."

5. பறிப்பு

சொன்னபடியே ஐந்து பெண்களும் முந்திரித் தோப்புகளுக்கு ஊடாக நடந்து வந்து, கிழக்கு வெளுக்கும்போது தோட்டத்தில் நின்றார்கள். சவரியம்மாள் வீட்டில் கதவு சாத்தியிருந்தது. வேலிப்படல் மட்டும் எங்களுக்காகத் திறந்திருந்தது.

கொட்டை பொறுக்கிப் பழகிய கைகள் கீழே விழுந்ததை எடுக்கும். செடியில் இருப்பதில் எதை விட வேண்டும் என்று அந்தக் கைகளுக்குத் தெரியாது. முதல் பத்து நிமிடத்தில் அரைப்படி பச்சை மொட்டு வீணாயிற்று. "பச்சையா ஒல்லியா இருக்கறது நாளை மறுநாளுக்கு. நல்லா வெளுத்து, முனை பருத்து இருக்கறது மட்டும் இன்னைக்கி," என்று காட்டினேன். நான்கு பேருக்கு இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது. தனக்கோடிக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு வரிசை முடித்து மடியைக் கூடையில் கொட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்க்கொண்டே இருந்தாள். மற்ற நான்கு பேரும் சேர்ந்து பறித்ததில் பாதிக்கு மேல் அவள் ஒருத்தி பறித்திருப்பாள்.

வெயில் ஏறுமுன் பறிப்பை நிறுத்திவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். நான் மாலை கட்டினேன், பெண்கள் சரம் தொடுத்தார்கள். ரோஜாவுக்குக் காசு இல்லை. சிவப்புக்கு வேலியோரத்துக் கோழிக்கொண்டை. பருமன் காட்ட உள்ளே மரிக்கொழுந்து. பார்வைக்கு மாலை எந்தக் கடைத்தெருவிலும் தொங்கவிடும்படி இருந்தது. ஆனால் எனக்குள் ஒரு உறுத்தல். முகூர்த்தத்துக்கு வழக்கமாகக் கட்டும் மல்லிகை முதல் நாள் காலையில் பறித்தது. சாயங்காலமே வாய் திறந்து, மறுநாள் பந்தலில் மணக்கும். இது அன்று காலையில் பறித்தது. பொழுது சாயும்வரை திறக்காது. திறக்காத மொட்டுக்கு வாசனை இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

6. பந்தலில்

எட்டரைக்கெல்லாம் மாலைகள் போய்ச் சேர்ந்தன. செல்லம்மாள் மாலைகளைத் தொட்டுப் பார்த்தார். என் கையில் ஒரு டம்ளர் காபியைக் கொடுத்தார். தாலி கட்டியாயிற்று, மாலை மாற்றியாயிற்று. முத்து கோத்த மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்புறம் பூத்தட்டு பெண்கள் வரிசைக்குப் போனது. முன்வரிசையில் பாக்கு நிறச் சேலை கட்டிய ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். தனக்கோடியின் மாமியார் அவர்தான் என்று கேட்காமலே தெரிந்தது. ஒரு சரத்தை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு முறை முகர்ந்தார்.

"வாசமே காணுமே செல்லம்மா. இதுவும் காயிதந்தானா?"

பந்தலுக்கே கேட்கும்படிதான் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள். செல்லம்மாள் கையில் இருந்த சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நான் எழுந்து, பறித்த நேரம், மொட்டு திறக்கும் நேரம் என்று கணக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாளும் நான் பார்த்தது, பூவும் நான் கட்டியது. எனக்கு வெட்கமாக இருந்தது.

தனக்கோடி வந்து மாமியார் கையிலிருந்த சரத்தை வாங்கினாள்.

"மொட்டு அத்தே. விடியக்காலையில நாங்களே போயி பறிச்சது. மோந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, தலையில வச்சிக்கிங்க," என்று சொல்லி, அவர் கொண்டையில் தானே சுற்றிவிட்டாள். ஒரு முழம் போதும். மூன்று முழம் சுற்றினாள். மாமியார் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பந்திக்கு எழுந்து போனார்.

7. சாயங்கால பஸ்

தொழிலுக்கு அன்று தெரிந்துகொண்டது சின்ன விஷயம். ஒரு நாள் பூ மலிவு என்றால், யார் வாங்காததால் மலிவு, அவர்கள் மறுபடி எப்போது வாங்க வருவார்கள் என்று கேட்க வேண்டும். அடுத்த வாரமே பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் வரதராஜன்பேட்டைக் கோயில் காலண்டர் ஒன்றை மாட்டினேன். பெருநாள் எப்போது என்று மளிகைக்கடை பாயிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டேன். சுவரில் இனிமேல் ஆணி அடிக்க இடமில்லை என்று முதலாளி சலித்துக்கொண்டார். திங்கட்கிழமை சவரியம்மாளுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. ஈஸ்டர் பலகாரம் கொடுத்து அனுப்பினார்.

ஆனால் ஞாயிறு அத்தோடு முடியவில்லை. சைக்கிள் டயரில் கருவேல முள் ஏறிவிட்டது. அதனால் சைக்கிளை டாப்பில் போட்டுவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்து ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறினேன். கல்யாணத்துக்கு வந்த கூட்டம் பாதி அதில்தான் இருந்தது. மாடு கட்ட ஆள் இல்லை என்று மாமியார் அன்றே ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். பக்கத்து ஸீட்டில் அவருடைய வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தனக்கோடி. இரண்டு ஸீட் பின்னால் நான்.

இருட்டத் தொடங்கியதும் பஸ்ஸுக்குள் மல்லிகை வாசம் வந்தது. முதலில் லேசாக. இரண்டு ஸ்டாப் போவதற்குள் டீசல் வாடை தெரியாத அளவுக்கு வந்துவிட்டது. இருபது பெண்கள் தலையிலும் ஒரே நேரத்தில் மொட்டு விரிந்துகொண்டிருந்தது. மாமியார் பின்னால் கையைக் கொண்டுபோய்க் கொண்டையைத் தொட்டுப் பார்ப்பதைக் கவனித்தேன். தொட்ட விரலை முகர்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வழியில் ஏறிய ஒரு பெண், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எந்த ஊரு கல்யாணம்ங்க? பூவு இந்த மணம் மணக்குது!"

தனக்கோடி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாமியார் சொல்லிவிட்டார்.

"எங்க சம்மந்தி வூட்டுக் கல்யாணம். எம் மருமவ விடியக்காலையில போயி தங் கையால பறிச்ச பூவு."

சொல்லிவிட்டு, தன் கொண்டையிலிருந்து ஒரு சாண் சரத்தைக் கிள்ளி அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். தனக்கோடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டக்டர் என்னிடம் டிக்கெட் டிக்கெட் என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் என் காதில் விழுந்தது.