ஆட்டிறைச்சிச் சாற்றில் நான் ஊற்றிய குழம்பு

என் மகள் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து, அங்கே தன்னோடு படித்த மலாய்த் தோழியுடன் சேர்ந்து இங்கே எங்கள் ஊர் ஸ்கூடாயில் ஒரு சாண்ட்விச் கடை திறந்தாள். அமெரிக்காவில் சாஸை வைத்தே எந்த ஊர் சாண்ட்விச் என்று சொல்லிவிடலாம் என்பாள். அலபாமாவில் சுட்ட கோழியை மயோனிஸும் வினிகரும் மிளகும் கலந்த வெள்ளைச் சாஸில் முக்கி எடுப்பார்களாம். சிகாகோவில் மெல்லிதாகச் சீவிய மாட்டிறைச்சியை ரொட்டிக்குள் வைத்து, ரொட்டியோடு இறைச்சிச் சாற்றில் நனைத்துத் தருவார்களாம்.

நாங்கள் மாடு சாப்பிடாதவர்கள் என்பதற்காக அந்தத் தோழி தானாகவே மாட்டை விட்டு ஆட்டிறைச்சிக்கு மாறினாள். பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றுதான்: வெளியில் சமைத்த எதுவும் கடைச் சமையலறைக்குள் வரக்கூடாது, ஹலால் இல்லாதது கலந்துவிடக்கூடாது. மகள் இதை எனக்கு இரண்டு முறை சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

திறப்பு நாளன்று தங்காக் ஊரிலிருந்து என் மனைவியின் தம்பியும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். அவன் சிகாகோ சாண்ட்விச்சைக் கடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“என்ன மச்சான், கஞ்சித் தண்ணியில ரொட்டிய முக்கிக் கொடுக்கிறாங்க? இதுக்கா உங்க மக அமெரிக்கா வரைக்கும் போனா?”

“காரமே இல்ல லா,” என்றாள் அவன் மனைவி. “ஆஸ்பத்திரிச் சாப்பாடு.”

பக்கத்து மேசையிலும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

அவர்கள் ஊருக்கு எடுத்துப்போக என் மனைவி கோழிக்குழம்பு வைத்துக் கொடுத்திருந்தாள். தூக்குச்சட்டி காரில் இருந்தது. சந்தையில் சீனர் கடையில் வாங்கிய கோழி, ஹலால் முறையில் அறுத்தது அல்ல. மகளும் தோழியும் முன்னால் கூட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, பின்வாசல் வழியாகப் போய்க் குழம்பைச் சாற்றுப் பானையில் ஊற்றிக் கலக்கினேன்.

“ஆ, இப்பத்தான் சாப்பாடு!” என்றான் மச்சினன், மறுபடி ஒன்றை வாங்கிக் கடித்துவிட்டு. எனக்குப் பெருமையாக இருந்தது. மலாய் மாணவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். தோழியும் நின்றபடியே ஒன்றைச் சாப்பிட்டாள்.

மகள் பானையின் நிறத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். “அப்பா, இதுல என்ன ஊத்துனீங்க?”

“அம்மா வெச்ச குழம்புதாம்மா. கொஞ்சம்தான்.”

அவள் நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். நேரே தோழியிடம் போய்ச் சொன்னாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு கழுவுதொட்டிக்கு ஓடினாள். பிறகு இருவருமாக ஒவ்வொரு மேசையாகப் போய், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். ஊற்றியவன் நான். சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தாக் அபா, அங்கிள்,” பரவாயில்லை என்றாள் தோழி, என் முகத்தைப் பார்க்காமல். அதன் பிறகு அவள் வீட்டில் அவளைக் கடைக்கு விடவில்லை. கடையை மூடினார்கள். மகள் இப்போது பாலம் தாண்டி சிங்கப்பூரில் தங்கி வேலை பார்க்கிறாள். தோழிகள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அந்த விதி எனக்குத் தெரியாது என்றே எல்லோரிடமும் சொல்லிவந்தேன். போன தீபாவளிக்கு மகள் வந்தபோதும் அதையே சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“தெரியாம செஞ்சிருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன்ப்பா,” என்றாள். “நான்தானே உங்ககிட்ட சொன்னேன்.”

சொல்லிவிட்டு அம்மாவுக்கு உதவ உள்ளே போய்விட்டாள். தெரியும் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.