‘குழாய் உண்டு’ என்று எழுதினேன்

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்ட் பக்கத்தில் இன்று நோட்டீஸ். தொட்டி கழுவுகிறார்களாம், மதியம் இரண்டு மணி நேரம் தண்ணீர் வராதாம். பக்கத்து வீட்டுப் பெண் காலையிலிருந்து ஒரே புலம்பல். நானும் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் குழாயடியில் வைத்தேன். அதில் தண்ணீர் விழும் சத்தமே சரியில்லை. தண்ணீர் என்றால் எனக்கு, அந்தக் காலத்தில் எல்லாரும் தண்ணீர் பிடித்த காலி மண்ணெண்ணெய் டின்னில் விழ வேண்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் தண்ணீர் இலாகாவில் சின்ன உத்தியோகம் பார்த்தேன். சிராங்கூன் ரோட்டுச் சந்துகளில் வீடு வீடாகப் போய், ‘குழாய் உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று பாரத்தில் எழுத வேண்டும். எல்லா வீட்டிலும் ‘உண்டு’ என்றால் அந்தச் சந்தின் பொதுக்குழாயைக் கழற்றிவிடுவார்கள். காதில் பென்சில் செருகிக்கொண்டால் கவர்னரே வந்துவிட்ட மிடுக்கு எனக்கு. வாசலில் நின்று எட்டிப் பார்ப்பேன். முன்கட்டில் குழாய் தெரியும். எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

பின்கட்டுக்குள் நுழையவே இல்லை. அங்கே பலகை அடைத்த பத்துப் பன்னிரண்டு அறைகள், அறைக்கொரு குடும்பம். முன்கட்டுக் குழாய் வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்தவருடையது. அதற்குப் பூட்டு வேறு. மற்றவர்களுக்குச் சந்துக் குழாய்தான்.

முனியம்மா அக்கா சொன்ன பிறகுதான் இது எனக்கு உறைத்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரின் மனைவி, நான்கு பிள்ளைகள்.

“எங்களுக்கு ஏது குழாய் லா? இதையும் கழட்டிட்டா புள்ளைங்களுக்கு எதைக் குடுப்பேன், தம்பி?”

ஆபீசுக்கு ஓடினேன். பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“வீட்டில குழாய் இருக்குது எண்டு நீர்தானே எழுதினீர்?”

“ஆமாங்க சார், ஆனா…”

“பாரத்தில ‘ஆனா’வுக்கு இடமில்லை.”

புதுப் பாரம் எழுதிக் கொடுத்தேன். அது எந்தக் காகிதக் கட்டுக்குள் தூங்கியதோ. இரண்டு முறை போய்க் கேட்டேன். மூன்றாம் முறை போக எனக்கே அலுத்துவிட்டது. தப்பாக எழுதியதைக்கூட இளம் வயது என்று விட்டுவிடலாம். அந்த அலுப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

குழாயைக் கழற்றப் போன இரண்டு ஆட்களோடு என்னையும் அனுப்பினார்கள். நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். அவர் டின்னிலிருந்து மொண்டு குவளையை நீட்டினார்.

“வெயில்ல வந்திருக்கீங்க. குடிச்சிட்டுக் கழட்டுங்க.”

குடித்தோம்.

அந்தப் பலகை அறைகள் இப்போது இல்லை. சந்து முழுக்க வண்ணம் பூசிய கடைகள். அக்கா குடும்பம் எங்கே போனது என்று விசாரித்துப் பார்த்தும் தெரியவில்லை. அன்று எங்கள் மூவருக்கும் அவர் மொண்டு கொடுத்தது, அந்தக் குழாயில் பிள்ளைகளுக்கென்று பிடித்து வைத்திருந்த கடைசி டின்னிலிருந்து.